கடுகெழுத்து

நவம்பர் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் வாயால் சொல்ல, ஹாரன் கையால் எழுதுவது. நான் உயிரோடும் இருமலோடும் இருக்கிறேன். நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்?

யாரண்ணா இந்த ஹாரன், பேரா பட்டமா என்று கேட்டிருந்தாய். பட்டம்தான். எதிர்ச் சந்தில் இருக்கிறான். ஆயுசெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவன். நாய் குறுக்கே போனாலும் ஹாரன், நாயின் நிழல் போனாலும் ஹாரன். இப்போது பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறான். அதில் இன்னும் மோசம், ஆளே இல்லாத தெருவிலும் அடித்துக்கொண்டே போகிறான். எழுதும்போதே என்னை முறைக்கிறான். எழுதுடா, உள்ளதைத்தானே சொல்கிறேன்.

நான் கொதிகலனுக்குத் தீ போட்ட சலவைக்கூடத்தின் கணக்கர், மகள் வீட்டோடு போய்விட்டாரல்லவா, அதிலிருந்து எனக்குக் கடிதம் எழுதுவதும் படித்துச் சொல்வதும் இவன்தான்.

குளிர் வந்துவிட்டது. பாதி ஆயுசு கொதிகலனுக்கு முன்னால் வெந்த உடம்பு, சூடு இல்லையென்றால் கோபித்துக்கொள்கிறது. நீ எழுதிய பூசணி சூப்பை வைத்தேன். ஹாரன் ஒரு தடவை படித்தான், எனக்கு அது போதும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் கடவுள் மண்டைக்குள்ளேயே ஒரு சிலேட்டு வைத்துவிடுகிறார், அதை அழிக்க ஆள் கிடையாது. பூசணியில் ஆப்பிளைப் போடச் சொல்லியிருந்தாயே, அதுதான் எனக்குப் புதுசு. பரவாயில்லை, இனிப்பாக இறங்கியது.

சனிக்கிழமை காலைகளில் ஒரு அண்டா சூப்பை வேனில் ஏற்றி பஸ் பணிமனைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே பஸ் கழுவுகிறவர்கள் குழாய்த் தண்ணீரில் நின்று விரல் விறைத்துப்போயிருப்பார்கள். எல்லாம் ஹாரனின் பழைய சகாக்கள். அவன் ஓட்டுவான், நான் அண்டாவைக் கோணிச்சாக்கில் சுற்றிக் கால் நடுவே இடுக்கிக்கொள்வேன். கடையில் காய்ந்த சிவப்பு பீன்ஸ் கொட்டை வந்திருக்கிறது. அதில் எப்படி சூப் வைப்பது என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
இருமிக்கொண்டே உன்னை நினைக்கும் அண்ணன்


நவம்பர் 18

அண்ணாவுக்கு,

தங்கச்சியின் வணக்கம். முழங்கால் படியேறும்போது முனகுகிறது, இறங்கும்போது திட்டுகிறது. மற்றபடி சுகம். இருமலுக்கு வெந்நீர் தவிர வேறு எதையும் நீயாகக் குடிக்காதே.

பூசணியில் ஆப்பிள் போடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? உருளைக்கிழங்கு அல்லவா எழுதினேன்? இனிப்பாக இறங்கியதாமே, போகட்டும்.

சிவப்பு பீன்ஸ் பொல்லாதது, கவனமாகக் கேள். ராத்திரி ஊறவை. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. புதுத் தண்ணீர் ஊற்றி, பெரிய தீயில் தளதளவென்று நன்றாகக் கொதிக்கவிடு. அதற்குப் பிறகுதான் தீயைத் தணித்து, வெங்காயம், கேரட், பூண்டு, மிளகு எல்லாம் போட்டு வேகவிட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே சின்னத் தீயில் வைத்தால் அது வேகாது, விஷம். நான் சமைத்த விடுதியில் ஒரு புதுச் சமையற்காரி அப்படி வைத்து, பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள்.

இன்னொன்று. ஹாரன் அண்ணனின் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடக்கின்றன. பஸ்ஸில் கூட்டம் ஏற்றிப் பழக்கமோ என்று கேட்டதாகச் சொல். என் எழுத்து கடுகு மாதிரிப் பொடியாக இருக்கிறது என்று அவர் பதிலுக்குச் சொன்னால் அதுவும் நியாயம்தான்.

அன்புடன்,
தங்கச்சி


டிசம்பர் 1

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், அதுவே பெரிது. நீ சுகமா?

உன்மேல் எனக்கு வருத்தம். உன் பீன்ஸ் சூப்பைப் பணிமனையில் பத்துப் பேர் குடித்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் குடித்தோம். மத்தியானத்துக்குள் எல்லாரும் சுருண்டுவிட்டார்கள். பஸ் கழுவுகிற பொம்பளை ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. வாந்தி நிற்காமல் போக, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் என் அறையில் வாளியைக் கட்டிப்பிடித்தபடி, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வேன் என்று நடுங்கிக்கொண்டு கிடந்தேன். என் வயிறு எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை. மறுநாள் அவள் வீடு திரும்பிவிட்டாள். அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை.

நீ எழுதியதில் ஒரு சொல் நான் தவறவிடவில்லை. அப்படியே திருப்பிச் சொல்கிறேன், கேள். "ராத்திரி ஊறவை. ஊறிய தண்ணீரிலேயே சின்னத் தீயில் மூடி வை. கொதிக்கவிடாதே, கொதித்தால் சத்துப் போய்விடும்." இப்படித்தானே எழுதினாய்? தீ போட்டே வயிறு வளர்த்தவன் நான். கொதிக்காத சூப் என்ன சூப் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் சொன்னது நீயாயிற்றே.

ஏன் அப்படி எழுதினாய்?

ஹாரன் இன்று டீயைத் தொடவே இல்லை. சொல்வதை எழுதுகிறான். வயிறு இன்னும் சரியாகவில்லை போல.

அண்ணன்


டிசம்பர் 11

அண்ணாவுக்கு,

உன் உடம்பு எப்படி? அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? உடனே எழுது.

நான் அப்படி எழுதவே இல்லை. கொதிக்கவிடாதே என்று நானா எழுதுவேன்? நன்றாகக் கொதிக்கவிடு என்றுதான் எழுதினேன். விஷம் என்று எழுதினேன். விடுதியில் நடந்த கதையையும் எழுதினேன். நீ சொல்லும் அந்த மூன்று வரியில் "ராத்திரி ஊறவை" ஒன்றுதான் என்னுடையது.

உன் ஞாபகத்தைச் சந்தேகப்பட மாட்டேன். நம் கல்யாண வீடுகளில் யார் யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பதுவரை சொல்கிறவன் நீ. அப்படியென்றால் உனக்குப் படித்துக் காட்டப்பட்டது வேறு. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல். ஹாரன் அண்ணனிடம் வேண்டாம். எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது என்ன.

தங்கச்சி


டிசம்பர் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் குணமாகி நீ தெருவில் வேகநடை போடுகிறாய் என்று கேட்டு மனசு குளிர்ந்தது. உன் வயசுக்கு நடையே போதும், ஓட்டம் வேண்டாம்.

பீன்ஸ் விஷயத்தில் நீ பெரிய மனசோடு எழுதியிருப்பது எனக்கு ஆறுதல். கொட்டை பழசாக இருந்திருக்கும், யார் மேலும் குற்றமில்லை, இத்தோடு விட்டுவிடுங்கள் என்கிறாய். விட்டுவிட்டேன். பணிமனைக்காரர்களும் மன்னித்துவிட்டார்கள். வேனைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே விழுவதுபோல நடித்துக் காட்டிவிட்டுத்தான் கிண்ணத்தை நீட்டுகிறார்கள். இப்போது கேரட் சூப்போடு நிறுத்திக்கொண்டோம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நீ அனுப்பிய தாளில் ஒரு பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து இருந்தது. ஹாரன் படித்தது, நான் டீயை ஆற்றி வாயில் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்சமாகப் பேச நீ எப்போது கற்றுக்கொண்டாய்?

நண்பனோடு எங்காவது போய் வா, மனசு லேசாகும் என்றும் நீ எழுதியிருந்ததால் கிளம்புகிறோம். ஹாரன் கடைசியாக ஓட்டிய பஸ்ஸை ஏலத்தில் எடுத்த விவசாயி ஒருவன் அதைக் கோழிக்கூண்டாக வைத்திருக்கிறானாம். அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இவனுக்கு ஒரே பிடிவாதம். கோழி ஏறிய பஸ்ஸைப் பார்க்க அவ்வளவு தூரம் போகிற கிறுக்கன் நம் தெருவில் இவன் ஒருத்தன்தான், கூடப் போகிற கிறுக்கன் நான்.

அண்ணன்


ஜனவரி 2

பொத்தான்கடை அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடைக்கு மேல் அறையில் இருக்கும் பெரியவரின் தங்கச்சி எழுதுகிறேன். நாம் பார்த்ததில்லை. அவர் அறைச் சுவரின் விரிசலைக் கேட்காமலேயே சுண்ணாம்பு பூசி அடைத்துக் கொடுத்தவர் நீங்கள் என்று அவர் சொல்லித் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

அண்ணன் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, நான் அனுப்பிய கடிதங்களை எடுத்து நீங்கள் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். டிசம்பரில் எழுதியதை முதலில் படியுங்கள். நான் எழுதியது ஒன்று, அவர் காதுக்குப் போனது ஒன்று. கடைசியில் வந்த பதிலைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கமே இல்லை. என் முழங்கால் குணமாகவில்லை. எங்காவது போய் வா என்று நான் சொல்லவும் இல்லை.

அவரும் ஹாரன் அண்ணனும் வேனில் எங்கோ கிளம்புகிறார்கள் என்று தெரிகிறது. இது கிடைக்கும்போது போயிருக்காவிட்டால், தயவுசெய்து நிறுத்துங்கள்.

பெரியவரின் தங்கச்சி


ஜனவரி 7

அன்புள்ள தங்கச்சிக்கு,

போய்விட்டு வந்துவிட்டோம். கை கால் எல்லாம் எண்ணிப் பார்த்துக்கொண்டேன், சரியாக இருக்கிறது. நீ எப்படி?

பயணம் நன்றாக இருந்தது. ஃபிளாஸ்க்கில் கேரட் சூப், காகிதத்தில் சுற்றிய ரொட்டி. பஸ் ஒரு வயலின் ஓரத்தில், சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. உள்ளே சீட்டுக்கு இரண்டு கோழி. டிரைவர் சீட்டில் ஒரு சேவல், இறங்க மாட்டேன் என்று ஒரே சண்டை. "ஓய்வு வயசு ஆச்சுடா, இறங்கு" என்று ஹாரன் அதைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்தான். கியர்க்குச்சியைத் தடவினான். கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு கீழே இறங்கி, பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த நம்பரை விரலால் தடவிப் பார்த்தான். விவசாயி எங்களுக்கு முட்டை கொடுத்தனுப்பினான்.

திரும்பி வருகிற வழியில் வேனின் பிரேக் கொஞ்சம் தளர்ச்சி என்கிறான் ஹாரன். வேறொன்றும் விசேஷமில்லை.

ஏனோ இரண்டு நாளாக நம் பேப்பர் சித்தப்பாவின் ஞாபகமாகவே இருக்கிறது. ஹாரனைப் பார்க்கும்போதெல்லாம் அவரைப் பார்ப்பது போலவே இருக்கிறது. யாருடா அது என்று கேட்கிறான். தமாஷான மனுஷன் என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

வருகிற சனிக்கிழமை மழை என்கிறார்கள். மழை பெய்தால் பணிமனைக்குப் போக வேண்டாம் என்று நினைக்கிறேன். ஹாரன் போயே ஆக வேண்டும் என்கிறான்.

அண்ணன்


ஜனவரி 10

தங்கச்சி,

நான் சொல்ல, இதை எழுதுவது பொத்தான்கடை அம்மா. கடையை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு, பொத்தான் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறோம். ஹாரன் வீதியில் வந்தால் ஹாரன் சத்தம் கேட்கும் என்ற தைரியம்தான்.

உன் கடிதம் இவருக்குக் கிடைத்தது. டின்னிலிருந்த எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். இவர் படித்த ஒவ்வொரு வரிக்கும், ஹாரன் படித்த வரி என் மண்டைக்குள் எதிரே வந்து நின்றது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் தங்கச்சி செத்துப்போய்விட்டாள், அதை மறைக்கத்தான் இவன் கதை கட்டுகிறான் என்று தோன்றியது. "இது அவ எழுதினதுதானா, அவ இருக்காளா?" என்று கேட்டேன். "இந்தப் பொடி எழுத்தை வேற யாரு எழுதுவா, பெரியவரே" என்றார் இவர். அப்புறம்தான் மூச்சு வந்தது.

ஆனால் ஏன் கதை கட்டினான் என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும். கோழி பஸ் பார்க்கப் போன அன்றே தெரிந்துவிட்டது. அதை அவன் கையாலேயே எழுத வைக்க முடியாததால் பேப்பர் சித்தப்பா என்று சொல்லி வைத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நம் பக்கத்துத் தெருக்களில் அவன் மனப்பாடமாக ஓட்டுகிறான், அதனால் தெரியவில்லை. ஊர் தாண்டியதும், "அந்த போர்டுல என்னடா எழுதியிருக்கு?" என்றான்.

"யாரைப் பாத்துடா கேக்கறே?" என்றேன்.

"படிக்க வேணாம். எழுத்து எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

"முதல் எழுத்து நாற்காலி மாதிரி. அடுத்தது வாலோட ஒரு எலி. அப்புறம் ரெண்டு முட்டை."

"சரி, அப்ப இடது பக்கம்" என்று திருப்பினான்.

நான் சிரித்தேன். இரண்டு கிறுக்கர்கள் சேர்ந்து ஒரு போர்டைப் படிக்கிறோமே என்று சிரித்தேன். அடுத்த போர்டிலும் கேட்டான். அதற்கடுத்ததிலும் கேட்டான். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்பும்போது சாயங்காலப் பனி இறங்கியிருந்தது. எதிரே ரயில்வே கேட். சிவப்பு விளக்கு மின்னுகிறது, கட்டை இறங்கிக் குறுக்கே கிடக்கிறது. அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஹாரனை மட்டும் அடிக்கிறான்.

"டேய், கேட்டுடா!"

"எங்கடா?"

தங்கச்சி, அந்த "எங்கடா" இன்னும் என் காதில் இருக்கிறது. வண்டி நிற்கும்போதெல்லாம் அவன் நடுவே ஒரு இரும்புக் கம்பியை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வேன் சுற்றிக்கொண்டு போய், கட்டையில் முகத்தை முட்டி நின்றது. முட்டையெல்லாம் உடைந்து என் மடியில் வழிந்தது. அதற்குள் ரயில் வந்துவிட்டது. எங்கள் மூக்குக்கு முன்னால் பெட்டி பெட்டியாகப் போயிற்று. போய் முடிந்ததும் பார்த்தால், அந்தப் பக்கம் ஒரு அம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ரயிலுக்கு முன்னால் கட்டையை முட்டித் தள்ளியிருந்தால் நாங்கள் செத்திருப்போம். ரயில் வராதிருந்தால் அவள்.

ஹாரன் வண்டியைத் திரும்பக் கிளப்பியபடி, "பிரேக் கொஞ்சம் தளர்ச்சி" என்றான். நான், "ஆமாம்" என்றேன்.

வீடு வரும்வரை எதிரே வந்த ஒவ்வொன்றையும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மேடு இருக்கு, ஆடு போகுது, பொம்பளை நிக்கிறா. அவன் ஏன் சொல்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நாளை மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை மழை காப்பாற்றும், அடுத்தது? பணிமனையில் சொன்னால் மேலே எழுதி லைசென்ஸைப் பிடுங்க வைத்துவிடுவார்கள், வேன் போய்விடும். அவனுக்கு அந்த வேனை விட்டால் ஒரு பூனைக்குட்டி கிடையாது. என் முகத்தில் அப்புறம் விழிக்கவே மாட்டான். சொல்லாவிட்டால் யாரோ ஒரு அம்மா சைக்கிளோடு சாவாள். கொதிகலனில் அழுத்தம் ஏறினால் திறந்துவிட ஒரு வால்வு இருக்கும். இதில் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

என்ன செய்யட்டும், சொல்.

அண்ணன்


ஜனவரி 19
(பொத்தான்கடை அம்மா மூலமாக)

அண்ணாவுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய். மற்ற நலமெல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன்.

பேப்பர் சித்தப்பாவை எப்படி மறப்பேன்? கண் போனது தெரியாமலிருக்க, தினமும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு இல்லாத செய்தியெல்லாம் படிப்பார். பேப்பர் தலைகீழாக இருப்பதைப் பார்த்தும் வீட்டில் யாரும் சொல்லவில்லை, பாவம் என்று விட்டார்கள். பிறகு ஒருநாள் இருமல் மருந்து என்று படித்து, சித்திக்கு மூட்டுத் தைலத்தைக் கொடுத்தார். சித்தி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பாவம் பார்த்ததன் பலன் அதுதான்.

பணிமனையில் சொல்வதற்கு முன்னால் அவர் முகத்துக்கு நேரே சொல். முதுகுக்குப் பின்னால் சொன்னால் அது துரோகம். அவர் கேட்கவில்லை என்றால், அன்றே பணிமனைக்குப் போய்ச் சொல். இது கிடைத்த பிறகு வரும் சனிக்கிழமையைத் தாண்ட விடாதே. நீயும் அந்த வேனில் ஏறாதே.

கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன். அது ஹாரன் அண்ணனுக்கு. கரித்துண்டால், புளியங்கொட்டை அளவில் எழுதியிருக்கிறேன். பொத்தான்கடை அம்மா முதலில் அதை உனக்குப் படித்துக் காட்டட்டும். பிறகு நீ அதை அவரிடம் கொடு, அவரே படிக்கட்டும். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"ஹாரன் அண்ணா. பொய்யாகப் படித்து என் அண்ணன் வயிற்றையும் பத்துப் பேர் வயிற்றையும் கெடுத்தீர்கள். ஒரு பிள்ளைத்தாய்ச்சியைச் சாகக் கொடுக்கப் பார்த்தீர்கள். என் கோபம் ஆறவில்லை. சாவியைக் கொடுத்துவிடுங்கள். பேனாவை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இனி பெரிதாக எழுதுகிறேன்."

தங்கச்சி


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதை ஹாரன்தான் எழுதுகிறான். திடுக்கிடாதே. நான் தாளின் ஓரத்தில் விரலை வைத்திருக்கிறேன். ஒரு வரி முடிந்ததும் விரலைக் கீழே நகர்த்துகிறேன், அவன் அதைத் தொட்டு அடுத்த வரியைத் தொடங்குகிறான். இந்தத் தடவை பஸ்ஸில் கூட்டமில்லை, பார். இருமல் குறைந்திருக்கிறது. உன் முழங்காலின் உண்மையான நிலவரத்தை எழுது.

உன் கடிதம் வந்து சேரும் முன்னால் வந்த சனிக்கிழமைகளில் இரண்டை மழை பார்த்துக்கொண்டது. இன்னொன்றில் எனக்குக் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். நேற்று ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. பார்லி சூப் வைத்தேன். அண்டாவை வேனில் ஏற்றினோம். நீ ஏறாதே என்றாய், நான் ஏறினேன், ஆனால் என் சீட்டில் அல்ல. சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் கதவைத் திறந்து, சீட்டில் கைவைத்து, என் தொடையைத் தொட்டுவிட்டு நின்றான். அதுவரை நான் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

"இறங்குடா. சூப் ஆறுது."

"இன்னிக்கு நான் ஓட்டறேன்."

"உனக்கு பிரேக் எது, கியர் எதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படிடா ஓட்டுவே?"

"கண்ணு தெரியாம நீ ஓட்டறே. ஓட்டத் தெரியாம நான் ஓட்டக் கூடாதா?"

சொல்லிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வேனின் ஹாரனை அழுத்திவிட்டேன். தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. அவன் கதவைப் பிடித்தபடியே நின்றான். அடிப்பானோ, போய்விடுவானோ, எதுவென்று தெரியாமல் நான் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"எப்பலேர்ந்துடா தெரியும்?" என்றான்.

"கேட்டு எங்கடான்னு கேட்டியே, அப்பலேர்ந்து."

"அந்த பேப்பர் சித்தப்பா நான்தானே?"

"நீதான்."

"எழுதும்போதே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா எழுதினே?"

"நீ சொன்னியே. எழுதறதுல நான் ஒரு எழுத்து மாத்தினதில்லடா. எல்லாம் படிக்கிறதுலதான். உன் தங்கச்சி எழுத்து எனக்கு வெறும் சாம்பலாத் தெரிஞ்சுது. தெரியலைன்னு சொன்னா, நீ வேற ஆளைத் தேடிப்பே. அப்புறம் வேனையும் விடச் சொல்லுவே."

சொன்னவன் அழவில்லை. கையை நீட்டி, தடவிப் பிடித்து, சாவியைத் திருகி உருவினான். எனக்கு உயிரே போயிற்று. பிறகு என் உள்ளங்கையைத் தேடி அதில் வைத்தான். அந்தச் சாவி ஐஸ் மாதிரி இருந்தது.

பணிமனைக்குப் போகும் முதல் பஸ்ஸை நிறுத்தினோம். ஓட்டி வந்தவன் இவனிடம் தொழில் பழகியவனாம், அண்டாவைத் தானே இறங்கி ஏற்றினான். ஹாரன் பயணி சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுக அவன் ஓட்டுவதில் குற்றம் சொல்லிக்கொண்டே வந்தான். ஹாரன் அடிக்கத் தெரியவில்லையாம். அடுத்த செவ்வாய்க்கிழமை கண் டாக்டரிடம் போகிறோம். என்ன சொல்வாரோ. அவன் சாப்பிடுவதே இல்லை, நானும்தான்.

திரும்பி வந்ததும் உன் தாளைக் கொடுத்தேன். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் நின்று, மூக்கு தாளில் இடிக்கப் பிடித்துக்கொண்டான். பொத்தான்கடை அம்மா படித்தது என் சிலேட்டில் இருக்கிறது என்று அப்போது அவனுக்குத் தெரியாது. நான் கதவோரத்தில் நின்றுகொண்டேன். அவன் விரும்பினால் "ஹாரன் அண்ணா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று படித்துவிட்டுத் தாளை மடித்துவிடலாம். இத்தனை நாளும் செய்தது அதுதானே.

"ஹாரன் அண்ணா" என்று படித்தான். எழுத்துக்கு எழுத்து நின்றான். "பொய்யாகப் படித்து" என்றான். அங்கே நின்றுவிட்டான். தாளை இன்னும் கிட்டே கொண்டுபோனான். "என் அண்ணன் வயிற்றையும்" என்றான். "பத்துப் பேர் வயிற்றையும்" என்றான். பிள்ளைத்தாய்ச்சி வந்தாள், உன் கோபம் வந்தது, சாவி வந்தது, பேனா வந்தது. சூப் முழுக்க ஆறிப்போகிற நேரம் பிடித்தது.

ஒரு சொல் விடவில்லை, தங்கச்சி. ஒரு சொல் கூட்டவும் இல்லை.

இப்படிக்கு,
வரி பிடித்தவன் அண்ணன்,
எழுதியவன் ஹாரன்